மாற்றித் தருகிறேன் என்றார், காரணம் சொல்லவில்லை

புகார் எழுதினால் பதிலே வராது என்பதுதான் எல்லாருடைய புலம்பலும். எனக்கு வந்த தொல்லை நேரெதிர். ஆர்டர் கொடுத்துச் செய்த ரைபிள் பேரல், அதாவது குண்டு ஓடும் குழாய், ஒழுங்காகச் சுடவில்லை என்று அதைச் செய்தவருக்கு மின்னஞ்சல் போட்டேன்; மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. புதிதாக ஒன்று செய்து அனுப்புகிறோம், பணம் வேண்டாம், பழையதைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், நீங்களே தூக்கிப் போட்டுவிடலாம். அவ்வளவுதான். என்ன கோளாறு, எப்படித் தெரிந்தது, எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு கேள்விகூட இல்லை. படித்ததும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறதா என்று இன்றுவரை என் மனைவிக்கும் எனக்கும், எனக்கும் என் ரைபிளைப் பூட்டிச் சரிசெய்து தரும் கன்ஸ்மித்துக்கும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. ரைபிள் என்றதும் ஊரில் இருப்பவர்கள் ஏதோ கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்கிற மாதிரி பார்க்கிறார்கள். நான் சுடுவது காகிதத்தை மட்டும்தான். எச்-1பி விசாவில் இருக்கும்வரை அதுவும் கிடையாது. அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை, வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார். ஒஹாயோவில் இருந்துகொண்டு இந்தப் பித்து தொற்றாமல் தப்பிப்பது கஷ்டம். ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெரி இருக்கிறது. 1907இலிருந்து தேசியப் போட்டிகள் நடந்துவரும் இடம். நான் விழுந்தது எஃப்-கிளாஸ் என்ற பிரிவில். கனடாக்காரரான ஜார்ஜ் ஃபார்குஹார்சன் ஆரம்பித்து வைத்தது. குப்புறப் படுத்துக்கொண்டு, டெலஸ்கோப் வைத்த ரைபிளை முன்னால் ஊன்றி, 600 கெஜத்தில் இருக்கும் அட்டையைச் சுட வேண்டும். அங்கே பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 6 அங்குலம். அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 3 அங்குலம். அரை கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு டீ சாஸரைச் சுடுகிற வேலை.

இந்த ஆட்டத்தில் பேரல்தான் எல்லாம். கடையில் ரைபிளோடு வருவது போதாது என்று கொஞ்ச நாளில் தெரிந்துவிடும். எந்த ஸ்டீல், என்ன நீளம், குண்டைச் சுழல வைக்கும் உள்புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று, வெளிப்புறம் எப்படிச் சரிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்துத் தனியாகச் செய்யச் சொல்லுவோம். நான் சொன்னது 416ஆர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், .308 அங்குலக் குண்டு, 30 அங்குல நீளம், 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எஃப்-கிளாஸில் நான் சுடும் எஃப்-டிஆர் என்ற உட்பிரிவில், முன்னால் ஊன்றும் இருகால் பைபாட், டெலஸ்கோப் எல்லாம் சேர்த்து 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. அதனால் முனைக்குப் போகப் போக மெலியும் பேரலாகக் கேட்டேன். அவர் அச்சடித்துத் தரும் பட்டியலில் இருந்த வடிவம்தான். நான் ஒன்றும் விசித்திரமாகக் கேட்கவில்லை. காத்திருப்பு நீண்டது. இந்தத் தொழிலில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்சி சிட்டியில் பேரல் செய்த ஹாரி போப்பிடம் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. அவர் எந்தத் தேதிக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

நீல நிறத் துணி

வந்து சேர்ந்த பேரல் பார்க்க அழகாக இருந்தது. கன்ஸ்மித் அதை லேத்தில் போட்டு, தோட்டா உட்காரும் அறையான சேம்பரை வெட்டி, என் ரைபிளில் பூட்டிக் கொடுத்தார். 100 கெஜத்தில் பரவாயில்லை என்று சொல்லும்படி சுட்டது. 600 கெஜத்தில்தான் விஷயம் தெரிந்தது. நான்கு குண்டு எக்ஸ் வட்டத்தை ஒட்டி விழும். ஐந்தாவது, காற்றும் இல்லை, நானும் அசையவில்லை, எட்டாம் வட்டத்தில் போய் உட்காரும். ஒரு போட்டிச் சுற்றுக்கு 20 குண்டு. பாதி தாண்டியதும் சிதறல் இன்னும் மோசமாகும். வீட்டுக்கு வந்து துடைத்தால், செம்பைக் கரைக்கும் திரவத்தில் நனைத்த துணிப்பட்டை கரும் நீலமாக வெளியே வரும். குண்டின் மேல்தோல் செம்பு. பேரலுக்குள் எங்கோ அது அப்பிக்கொள்கிறது என்று அர்த்தம். எல்லாப் பேரலிலும் கொஞ்சம் அப்பும், நல்லதாகச் செய்ததில் ரெண்டு மூன்று துணியில் வெளுத்துவிடும். இதில் வெளுக்கவே இல்லை.

வழக்கமாக எதையெல்லாம் சந்தேகப்படுவார்களோ அதையெல்லாம் சந்தேகப்பட்டோம். டெலஸ்கோப் மாற்றினோம். ஸ்டாக்கின் திருகுகளை முறுக்கு அளந்து இறுக்கினோம். கன்ஸ்மித் முனையில் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டுப் குண்டு வெளியேறும் விளிம்பை, அதாவது கிரவுனை, புதிதாகப் போட்டார். சேம்பரை மறுபடி டயல் வைத்துப் பார்த்தார், மையம் விலகவில்லை. சேம்பரில் தோட்டா உட்காரும் ஆழத்தைச் சோதிக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் இரண்டும் சரியாகப் பேசின. கடைசியில் தேய்ந்த பழைய பேரலையே திருப்பிப் பூட்டி, அதே தோட்டாக்களைச் சுட்டோம். குண்டுகள் கட்டுக்கோப்பாக விழுந்தன. அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? கோளாறு பேரலில்தான்.

ஆனால் பேரலில் எங்கே? போர்ஸ்கோப் விட்டுப் பார்த்தோம். நுனியில் குட்டி கேமரா வைத்த கம்பி அது. உள்ளே விட்டால் செல்போன் திரையில் படம் தெரியும். முன்பெல்லாம் பெரிய பட்டறைகளில்தான் இருக்கும், இப்போது மலிந்துவிட்டது, என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் உலகத்தில் எந்தப் பேரலும் நல்ல பேரல் இல்லை. துளையை அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் போன தடம் குறுக்குக் கோடுகளாகத் தெரியும், சிறு கீறல் கால்வாய் மாதிரி தெரியும். படம் எடுத்து அனுப்பினேன். அந்த மாதிரிப் படங்கள் பேரல் செய்கிறவர்களுக்கு எத்தனை வரும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. முக்கால்வாசியும் நன்றாகச் சுடும் பேரலின் படங்கள். கேமரா வாங்கிய கையோடு பயந்துபோனவர்கள் அனுப்புவது. ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விவாதிப்பதைவிட, "சரி, வேறு தருகிறோம்" என்று முடித்துவிடுவது லாபம். நான்கு வரிப் பதிலின் ரகசியம் இதுதான். பார்வைக்குத் தாராளம், உள்ளுக்குள், இதைப் பற்றி மேலே பேசாதே என்று பொருள்.

கணபதிப் பட்டறையில் ஒரு சீட்டு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் தர ஆய்வில் இருந்தேன். பம்புக்கான உதிரிபாகங்கள் செய்தோம். ரிஜெக்ட் ஆன ஜாபை ஒரு சிவப்புத் தொட்டியில் போடுவோம். போடுவதற்கு முன்னால் ஒரு சீட்டில் என்ன அளவு, எங்கே தவறியது, காரணம் என்ன என்று எழுதிக் கட்ட வேண்டும். அவசரத்தில் காரணம் எழுதாமல் போட்டால் ஃபோர்மன் தொட்டியிலிருந்து எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்துவிடுவார். "ஸ்கிராப் ஆனது போகட்டுமுங்க தம்பி. ஏன் ஆச்சுன்னு எழுதுங்க. இல்லீன்னா நாளைக்கும் இதேதான வரும்?" திட்டமாட்டார். எடுத்து வைப்பதோடு சரி.

என் எரிச்சலின் வேர் அங்கேதான். கோளாறான பேரலை நான் குப்பையில் போட்டுவிட்டால், அது ஏன் கோளாறானது என்ற செய்தியும் அதோடு போய்விடும். எனக்குப் புதிதாக வருவதும் அதே லேத்தில், அதே கையால், ஒருவேளை அதே ஸ்டீல் கம்பியிலிருந்து வெட்டியதாக இருக்கலாம். இது எனக்கு ஒருவனுக்கு மட்டும் வந்ததா, அந்த மாதம் போன எல்லாவற்றிலும் இருக்கிறதா? செய்தவருக்கே தெரியாது, ஏனென்றால் அவர் கேட்கவில்லை. என் மனைவி சொன்னாள்: "ஓசியில குடுக்கிறாங்க. வாங்கிக்கிறதை விட்டுட்டு அவங்களுக்குப் பாடம் எடுக்கப் போறீங்களா?" கன்ஸ்மித் இன்னும் சுருக்கமாகச் சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

நான் இரண்டாவது மின்னஞ்சல் போட்டேன். புதுப் பேரல் அனுப்புவதைத் தற்போதைக்கு நிறுத்தி வையுங்கள். இதில் என்ன கோளாறு என்று முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பேரலை என் செலவில் அனுப்புகிறேன், அளந்து பார்த்துச் சொல்லுங்கள். அனுப்புவது ஒன்றும் கஷ்டமில்லை. அமெரிக்கச் சட்டப்படி, சுடும் பொறி உட்கார்ந்திருக்கும் ரிசீவர்தான் துப்பாக்கி, பேரல் வெறும் உதிரிபாகம். பிவிசி குழாயில் போட்டு மூடி, சாதாரணப் பார்சலாக அனுப்பலாம். இதற்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் போன் வந்தது. பேசியவர் அலுவலகத்தில் இருப்பவர் இல்லை. பேரல் செய்யும் பெரியவரே.

போனில் வந்த பாடம்

எடுத்ததும் அவர் கேட்டது: "உங்கள் பக்கம் வக்கீல் யாராவது இருக்கிறாரா?" இல்லை என்றேன். "யாருக்காவது அடிபட்டதா?" அதுவும் இல்லை. கொஞ்சம் மூச்சு விட்டார். அப்போதுதான் எனக்கு இன்னொரு பக்கம் தெரிந்தது. துப்பாக்கிப் பாகம் செய்கிறவர் "ஆமாம், என் பொருளில் கோளாறு" என்று எழுத்தில் கொடுத்தால், அது நாளைக்கு எந்த நீதிமன்றத்தில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மாற்றித் தருவதில் ஆபத்து இல்லை. காரணம் சொல்வதில் உண்டு. அலட்சியம் என்று நான் நினைத்ததில் பாதி பயம்.

பிறகு அவர் கேட்ட கேள்விகள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. போர்ஸ்கோப் படங்களை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "கேமரா கீறலைக் காட்டும், அளவைக் காட்டாது" என்றார். செம்பு எங்கே அதிகம் படிகிறது, சேம்பர் பக்கமா, முனைப் பக்கமா? முனையில் கடைசிக் கொஞ்ச தூரம் என்றேன். கிரவுன் திருப்பிப் போட்டும் மாறவில்லையா? இல்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "ஈயத்தைத் தள்ளிப் பார்த்தீர்களா?" என்றார். எப்படிச் செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பேரலைச் சுத்தமாகத் துடை. ஒரு சொட்டு எண்ணெய் தடவு. சுத்த ஈயத்தில், துளையைவிட இம்மியளவு பெரிய உருண்டையை எடுத்துக்கொள். சேம்பர் பக்கமிருந்து தட்டி உள்ளே ஏற்றிவிட்டு, கம்பியால் மெதுவாகத் தள்ளு. வேகம் வேண்டாம். கை சொல்லும்.

மறுநாள் கன்ஸ்மித் பட்டறையில் பேரலைக் கழற்றி, வைஸில் தோல் சுற்றிப் பிடித்து, அதைச் செய்தோம். மரச் சுத்தியால் ஒரு தட்டு. ஈயம் புரிகளுக்குள் அழுந்தி ஏறியது. கம்பியை உள்ளங்கையில் வைத்துத் தள்ளினேன். இறுகிய மாவுக்குள் விரல் போவது போல ஒரே சீரான எதிர்ப்பு. பாதி தாண்டியும் மாறவில்லை. கை பழகிப் போய், ஒன்றும் இல்லையோ என்று நினைக்கத் தொடங்கிய இடத்தில் கம்பி தானாக முன்னால் போனது. நான் அழுத்தத்தைக் கூட்டவில்லை. கடைசி நான்கு அங்குலம், ஈயம் வழுக்கிக்கொண்டு வந்து என் மறு கையில் விழுந்தது. கன்ஸ்மித் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு உருண்டையை எடுத்து, முனைப் பக்கமிருந்து ஏற்றினார். சுலபமாக உள்ளே போனது, நான்கு அங்குலம். அங்கே முட்டி நின்றது. அவர் தோளைச் சாய்த்துத் தள்ள வேண்டியிருந்தது. கம்பியில் பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுத்து அளந்தோம். இரண்டு முறையும் ஒரே இடம்.

போர்ஸ்கோப்பில் அந்த நான்கு அங்குலம் கண்ணாடி மாதிரி இருக்கும். பேரலிலேயே அழகான பகுதி அதுதான்.

முனை லூஸாக இருப்பதுதான் ஆக மோசம். குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் அதைப் பிடித்திருப்பது அந்த இடம்தான். ஒரு துளி இறுக்கமாக இருந்தால் நல்லது, லூஸாக இருந்தால் குண்டு விட்டுப் போகும்போது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. பக்கவாட்டில் வாயு கசியும், செம்பு அப்பும். எனக்கு நடந்தது எல்லாம் இந்த நான்கு அங்குலத்தில் அடங்கிவிட்டது.

பேரலை அனுப்பினேன். பெரியவர் ஏர் கேஜ் வைத்து அளந்தார். அந்தக் கருவியைப் பார்த்து எனக்குப் பழக்கம் உண்டு, துளைக்குள் காற்றை விட்டு அதன் அழுத்தத்தை வைத்து அளவு சொல்லும். கண்ணுக்கும் கைக்கும் எட்டாததை எல்லாம் சொல்லிவிடும். முனை கிட்டத்தட்ட 12 மைக்ரான் பெரிதாக இருந்தது. தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். இந்த வேலையில் அது மலை.

காரணத்தையும் போனிலேயே சொன்னார். அவர் செய்வது பட்டன் முறை. நீளவாக்கில் துளை போட்டு ரீமர் விட்ட கம்பிக்குள், புரி வடிவம் செதுக்கிய கார்பைட் பட்டனை இழுப்பார்கள். உலோகத்தை வெட்டாது, நசுக்கி ஒதுக்கும். நசுங்கிய உலோகம் உள்ளுக்குள் இறுக்கத்தோடு உட்கார்ந்திருக்கும். அதை உலையில் சூடாக்கித் தணிக்காமல், வெளிப்புறத்தைக் கடைந்து மெலிதாக்கினால், பிடித்துக்கொண்டிருந்த சுவர் போய்விடும், உள்துளை விரியும். மெலிந்த முனைப் பக்கம்தான் அதிகம் விரியும். ஒவ்வொரு இழைப்பிலும் இம்மியளவு சுரண்டி எடுக்கும் வெட்டு முறையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் நேரம் பிடிக்கும். பெரியவர் எப்போதும் உலையில் வைத்த பிறகுதான் கடைவாராம். இதுவும் உலைக்குப் போனதுதான், ஆனால் அந்தத் தொகுதியில் இறுக்கம் முழுசாக இறங்கவில்லை. அதைவிட முக்கியமானது அவர் அடுத்துச் சொன்னது. கடைவதற்கு முன்னால் அளந்திருக்கிறார்கள். கடைந்த பிறகு அளக்கவில்லை. "தடியான பேரலில் அது தேவைப்பட்டதில்லை. மெலிதானதிலும் அப்படியே விட்டுவிட்டோம். அது எங்கள் தவறு."

இந்த வாக்கியத்துக்காகத்தான் நான் அத்தனை நாள் காத்திருந்தேன். அலமாரியில் கடைந்து வைத்திருந்த மற்றவற்றையும் அன்றே எடுத்து அளந்ததாகச் சொன்னார். எத்தனை தேறின என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மீதிக் கணக்கு

பணத்தில்தான் கொஞ்சம் இழுபறி. பேரல் இலவசம், சரி. ஆனால் கன்ஸ்மித் மறுபடியும் சேம்பர் வெட்ட வேண்டும்; அந்தக் கூலி பேரல் விலைக்கு அதிகம் குறையாது. பேரல் செய்கிறவர்கள் பெரும்பாலும் வெறும் பேரலுக்குத்தான் பொறுப்பேற்பார்கள், அதன்மேல் மற்றவர் செய்த வேலைக்கு இல்லை. விதியாகப் பார்த்தால் புரிகிறது. எந்தக் கன்ஸ்மித் என்ன செய்து வைப்பான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் கோளாறு யாருடையது என்று தெரிந்த பிறகும் அந்த விதியைக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை, சொன்னேன். பெரியவர் பாதிக் கூலியை என் கணக்கில் அடுத்த ஆர்டருக்குக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். கன்ஸ்மித் தன் பங்குக்குக் கொஞ்சம் குறைத்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டேதான். மீதி என் பையிலிருந்து. காரணம் தெரியாமலே மாற்றி வாங்கியிருந்தால் பாதிக் கூலி என்ற பேச்சே எழுந்திருக்காது என்பதையும் என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அப்போது அவள் போனில் இருந்தாள்.

புதுப் பேரலோடு ஒரு தாள் வந்தது. கையால் எழுதியது. முனையிலிருந்து பின்பக்கம்வரை இரண்டிரண்டு அங்குலத்துக்கு ஒரு அளவு, கடைந்த பிறகு எடுத்தது என்று மேலே குறிப்பு. கையெழுத்து கிடையாது, கடிதம் கிடையாது. முன்பு நடந்ததைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வக்கீல் பார்த்தாலும் பிடிக்க ஒன்றும் இல்லை. பேரல் நன்றாகச் சுடுகிறது; துணி மூன்றாவது தடவையே வெளுத்துவிடுகிறது. எக்ஸ் வட்டத்துக்கு வெளியே போவதற்கு இப்போது என் காற்றுக் கணிப்பைத்தான் குறை சொல்ல வேண்டும்.

கன்ஸ்மித் மட்டும் இன்னும் மசியவில்லை. முதல் மின்னஞ்சலுக்கே சரி என்று சொல்லியிருந்தால் வெயில் காலம் முழுக்கச் சுட்டிருக்கலாம், இப்போது என்ன கிடைத்தது, ஒரு போன் பேச்சு என்கிறார். அந்த வருடக் கிளப் போட்டிகளில் பெரும்பாலானவற்றை நான் பழைய பேரலோடு, பட்டியலின் அடியில்தான் முடித்தேன். அந்த வகையில் அவர் சொல்வது கணக்குப்படி சரி. அடுத்த பேரலுக்கு அதே பெரியவரிடமே ஆர்டர் கொடுத்திருக்கிறேன். அவருடைய படிவத்தில் கடைந்த பிறகு அளக்க வேண்டும் என்பதற்கு இன்னும் இடம் விடவில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதி அனுப்பினேன்.